நாலாவது கால்

ஆனேக்கல் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்காத கடுப்பில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில், பிளாஸ்டிக் ஸ்டூல் செய்யும் கம்பெனியின் சீருடையில் இரண்டு பெண்கள்.

“செலவு குறையணும்னு சுண்ணாம்பு மாவு கலந்தா பிளாஸ்டிக்குக்குச் சோம்பேறித்தனம் வந்துடுதுக்கா,” என்றாள் இளையவள். “உருகினாலும் கெட்டியாவே இருக்கு. அச்சுல மூணு காலுக்குத்தான் போகுது.”

“சூடு ஏத்த வேண்டியதுதானே?”

“சூப்பர்வைசர் வாரம் பூரா அதைத்தான் செஞ்சாரு. ஸ்டூல் மஞ்சளாச்சு, நாலாவது கால் வரலை. இன்னிக்கு அவர் டீக்குப் போனப்போ நான் மெஷின் பிளாஸ்டிக்கை அச்சுக்குள்ள தள்ளுற வேகத்தைக் கூட்டினேன். வேகமாத் தள்ளினா இளகி ஓடுது. நாலு காலும் வந்துடுச்சு.”

“அவர் என்ன சொன்னாரு?”

“அந்த ஸ்டூல் மேலயே உக்காந்துக்கிட்டு, ‘சூடு ஏத்தினது வேலை செய்யுது பார்த்தியா’ன்னாரு.”

“நீ சும்மாவா இருந்தே?”

“நாளைக்குச் சூட்டைக் குறைச்சிடுவேன்க்கா. அப்பவும் நாலு காலும் வரும். அப்போ பேசிக்கிறேன்.”