பச்சைப் பக்கம்

கூட்டம் பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்கே தொடங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறவன் நான். நீங்கள் பத்தேகாலுக்கு வந்தீர்கள். பரவாயில்லை, விசாரணை அதிகாரிக்கு ஆயிரம் வேலை இருக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் குறுக்கிடாமல் இருந்தால் நல்லது, எனக்கு வரிசை தப்பிவிடும்.

அந்தக் குடிநீர்க் குழாய்த் திட்டத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளராக வந்தபோது ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழு குழாயைப் பதித்து மண்ணை மூடிவிட்டுப் போகும். மறுநாள் மின்சாரக் குழு வந்து அதே இடத்தைத் தோண்டும். பெயின்ட் காய்வதற்குள் அந்தச் சுவரில் ஓட்டை விழும். யாரைக் கேட்டாலும், "அவங்க முடிச்சிட்டாங்கன்னு நினைச்சோம் சார்" என்பார்கள். வேலை முழுக்க நினைப்பிலேயே நடந்துகொண்டிருந்தது.

என் அறை ஜன்னலுக்கு எதிரே முற்றத்தில் ஒரு பலகை வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. வேலையை முடித்தவன் தானே நேரில் வந்து தன் அட்டையைப் பச்சைக்குத் திருப்ப வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. அடுத்தவன் அட்டையைத் தொடக்கூடாது. முதலில் முணுமுணுத்தார்கள், எனக்கு 'அட்டை வாத்தியார்' என்று பட்டம்கூடக் கட்டினார்கள். இரண்டே மாதத்தில் பலகையைப் பார்க்காமல் யாரும் ஸ்பானரைக்கூடக் கையில் எடுப்பதில்லை என்றாகிவிட்டது.

என் தம்பி அங்கே குழாய் ஃபிட்டர். எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியதும் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் நான்தான். எல்லாரும் 'சொட்டு' என்று கூப்பிடுவார்கள். இணைப்பில் ஒரு சொட்டு கசிந்தாலும் அவன் வீட்டுக்குப் போகமாட்டான். புதிதாக வருகிறவர்களிடம், "கண்ண மூடிக்கிட்டு நம்பலாம், எங்க அண்ணன் போர்டு பொய் சொல்லாது" என்பான். கேட்கும்போது பெருமையாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைமை அலுவலகம் கணினித் திரையில் வரும். பலகையின் படத்தை அனுப்பிவிட்டுப் பேச வேண்டும். நாற்பத்தொரு வாரமாக எங்கள் திட்டத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. நாற்பத்திரண்டாவது வெள்ளியன்று, அதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலைகளில் ஒரே ஓர் அட்டை சிவப்பாக இருந்தது. மேல் வால்வை மூடிப் பூட்டும் வேலை. அந்த வால்வு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை மூடினால்தான் எங்கள் பக்கத்துக் குழிக்குள் தம்பி இறங்கிக் குழாயைக் கழற்ற முடியும். திறந்திருக்கும்போது மேலே பம்பு ஓடினால் தண்ணீர் முழு வேகத்தில் குழிக்குள் வரும்.

ஒன்பதே முக்காலுக்கு வால்வுக்காரர் போன் செய்தார். "சார், பூட்டு இன்னும் வந்து சேரல. பூட்டாம மூடினா யாராவது தெரியாம திறந்துடுவாங்க. பத்தரைக்குள்ள முடிச்சிட்டு நானே வந்து அட்டையத் திருப்பறேன்."

நியாயமான பேச்சு. முக்கால் மணி நேரம்தான். அந்த முக்கால் மணி நேரத்துக்காக நாற்பத்தொரு வாரத்தைக் கெடுப்பானேன் என்று பட்டது. போய் அட்டையைத் திருப்பினேன், படம் எடுத்து அனுப்பினேன். உடனே பழையபடி வைத்திருக்கலாமே என்பீர்கள். தலைமை அலுவலக மேலாளர் சில வாரங்களில் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிப் பலகையைப் பார்ப்பார். பேசி முடித்ததும் திருப்பிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

பத்து ஐந்துக்குத் தம்பி பலகையிடம் வந்தான். பச்சையைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் திரும்பி எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் குழியை நோக்கி நடந்தான். முப்பது அடி தூரம் இருக்கும். திரையில் மேலாளர், "உங்க சைட்டப் பாத்துத்தான் மத்தவங்க கத்துக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நன்றி சொன்னேன். தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். பத்து இருபதுக்குப் பம்பு ஓடும் என்பது எனக்குத் தெரியும், அந்த அட்டவணையைப் போட்டவனே நான்தான். அதற்குள் கூட்டம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை.

தண்ணீர் வடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலே தூக்கியபோது ஸ்பானர் அவன் கையிலேயே இருந்தது. அதை யாரையும் எடுக்க விடாமல் நானே விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.

அன்று மாலை அறிக்கையில், வால்வு அட்டையை அவனே அவசரப்பட்டுத் திருப்பிவிட்டான் என்று எழுதினேன். போனவன் போய்விட்டான், பலகையின் மீது நம்பிக்கை போய்விட்டால் இன்னும் எத்தனை பேர் சாவார்களோ என்று தோன்றியது. பிறகு மற்ற சைட்டுகளிலும் பலகை வைத்தார்கள். பதினொரு இடங்களுக்கு நானே போய்ப் பாடம் எடுத்தேன். அடுத்தவன் அட்டையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தம்பியைத்தான் உதாரணமாகச் சொன்னேன். நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடங்களில் ஒரு விபத்தும் இல்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன வாரம் பாடம் நடக்கும் இடத்துக்கே அவன் மனைவி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு கிட்டே வந்தாள்.

"மாமா, வீட்டுல என் போனக்கூடக் கேக்காமத் தொடமாட்டாரு. அடுத்தவங்க அட்டைய அவரு தொட்டிருப்பாரா?"

நான் பாடத்துக்குக் கொண்டுவந்த அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"போகட்டும். அவரு இறங்கினப்ப நீங்க பாத்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"பாத்தேம்மா. தொண்ட கிழியக் கத்தினேன். மெஷின் சத்தத்துல அவனுக்குக் கேக்கல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்களாவது கூப்பிட்டீங்களே மாமா, அது போதும் என்றாள். அந்த வார்த்தையோடு ஐந்து நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கும்போது சைட்டில் ஒரு மெஷினும் ஓடக்கூடாது. அதுவும் நான் போட்ட விதிதான். அன்றைக்கு முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்தது, அவன் ஏணியில் இறங்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. மெல்லக் கூப்பிட்டிருந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பான். மேலாளர் பேசிக்கொண்டிருந்தார், நடுவில் குறுக்கிடுவது மரியாதையில்லை என்று இருந்துவிட்டேன்.