ஒரு குமிழிகூட இல்லாமல்

வலியசாலையில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் காபி போட்டால் அதன் ருசியே தனி சார். ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த காபியைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார், அவ்வளவுதான்.

ஜெபமலர் எங்கள் பரிசோதனைக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பவள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. அவள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெயின்ட் கம்பெனி. கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது என்று ஒருநாள் என்னிடம் வந்தாள். பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும், உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது, இருந்தால் தேடுகிற விஷம் அதில் ஏறிவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவாள். நல்ல சமர்த்து.

கேஸ் குரோமட்டோகிராஃப் என்பது, தண்ணீரில் கலந்திருப்பதை ஆவியாக்கி, மெல்லிய நீளக் குழாய்க்குள் ஓட்டிப் பிரிக்கும் யந்திரம். சூட்டை மளமளவென்று ஏற்றினால் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டு படத்தில் ஒரே மேடாக வரும். மெல்ல ஏற்றினால் பிரிந்து நிற்கும். நான் மெல்ல ஏற்றினேன். பெயின்டில் கலக்கும் விஷமான பென்சீன் தனியாக, ஊசிபோல நிமிர்ந்து நின்றது. அடடா, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"குடிக்கலாமா சாரே? எம் மவ அஜிஷா சின்னப் புள்ளைல்லா."

"தாராளமாக் குடி" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் கிணற்றை மூடியிருப்பார்கள். அப்புறம் அந்த ஊசி வளர்வதை நான் எங்கே போய்ப் பார்ப்பது? மாதாமாதம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். வேகமாக ஓட்டிய படம் அவளுக்கு, மெல்ல ஓட்டியது எனக்கு. இரண்டுமே யந்திரம் வரைந்ததுதான். பொய்ப் படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது, நீங்களே தேடிப் பார்த்தீர்களே.

அஜிஷாவுக்கு ஈறில் ரத்தம் வந்தது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மழை தொடங்கியபோது போய்விட்டாள். அந்த மாதம் ஊசி நன்றாக உயர்ந்திருந்தது.

அடக்கம் முடிந்து வேலைக்கு வந்த அன்றும் ஜெபமலர் பாட்டிலோடுதான் வந்தாள். என் முன்னால் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு குமிழிகூட இல்லை.

"தண்ணியால இல்லைல்லா சாரே? நான்தான கோரிக் குடுத்தேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை சார். தண்ணீரில் ஒன்றுமில்லை, தைரியமாக அஜிஷாவின் தங்கைக்கும் கொடு என்று தேற்றி அனுப்பினேன். அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னைவிட்டால் வேறு யார் இருந்தார்கள்?