சதுரத்துக்கு வெளியே

சதுரமான படத்தை அகலமான திரையில் வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கும். என் தொழிலில் தினமும் வருகிற தொல்லை இதுதான். பாடுகிறவர்கள் ஒரு பாட்டையும் ஒரு அட்டைப்படத்தையும் அனுப்பிவிட்டு, வீடியோவாக்கிக் கொடு, நாலு பேருக்கு அனுப்பணும் என்பார்கள். அட்டைப்படம் எப்போதும் சதுரம். பக்கத்து வெற்றிடத்தை நான்தான் நிரப்ப வேண்டும். அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னால் விரித்துவிடுவேன். ஐந்து நிமிட வேலை. நடந்ததெல்லாம் அந்த வெற்றிடத்தில்தான் நடந்தது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

அக்கா அத்தானை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் அவள் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய பிறகு போனாள். போனது சரி என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். எங்கே இருக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். "உன் வாயிலேருந்து வரக்கூடாதுடா. சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

அதன் பிறகு வாரம் தவறாமல் அத்தான் வந்து என் எதிரே உட்காருவார். "எங்க இருக்கா, மச்சான்? ஒரு வார்த்தை சொல்லேன்" என்று கேட்டுவிட்டு, நான் பேசும்வரை காத்திருப்பார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அப்படியே போகும். நான் வாயைத் திறந்ததில்லை. தான் பெற்ற மகள் இருக்கும் இடத்தைச் சொல்லாத கல்நெஞ்சன் என்று அம்மா என்னிடம் பேசுவதையே விட்டாள். அப்போதும் திறக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா பாடிய பாட்டின் மெட்டு என்னுடையது. பதினேழு வயதில் மாடிப்படியில் உட்கார்ந்து போட்டது. அக்கா அதற்கு வரிகள் எழுதி, தானே பாடி, ஒரு புதுப் பெயரில் எனக்கு அனுப்பினாள். கூடவே சன்னலருகே எடுத்த ஒரு படம்: திரைச்சீலையைப் பிடித்திருக்கும் அவள் கை, அதற்குப் பின்னால் தெரு. "கையை மட்டும் வெட்டி அட்டைப்படமாக்கு. ஓரத்துல எதிர்க்கடைப் பலகை தெரியுது, பாத்துக்க" என்றாள். அட்டையில் அவளுடைய புதுப் பெயர் மட்டும் போதுமாம்.

"மெட்டு யாரோடதுன்னு எங்கயும் இல்லியே?" என்று கேட்டேன்.

"உன் பேரைப் பாத்தா அவருக்கு மூக்குல வேர்த்துடாதா? லூசு." சிரித்தாள். "அடுத்த பாட்டுல கொட்டை எழுத்துல போடுறேன். அழுவாதீங்க, இசை மேதையே."

நியாயமான காரணம். போனை வைத்துவிட்டு ஒன்பது நாள் யோசித்தேன். அவளுக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது. எனக்கு இருந்ததும் போனது. எனக்குக் கோபம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கோபம் என்றால் கத்துவது. நான் அந்த ஒன்பது நாளும் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை.

பத்தாம் நாள் வேலையில் உட்கார்ந்தேன். மங்கலான பின்னணி எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, சோம்பேறிகள் செய்வது. என் மெட்டுக்காவது ஒழுங்காகச் செய்யலாம் என்று, வெட்டாத முழுப் படத்தையே பின்னால் வைத்தேன். அளவெடுத்தாற்போல் பொருந்தியது. இடது ஓரத்தில் பலகை, அதில் கடைப்பெயர், தெரு, ஊர். அழகுக்காகப் படத்தை மெல்ல அந்தப் பக்கம் நகரவிட்டேன்.

குடும்பக் குழுவில் போட்டு, 'என் மெட்டு, கேட்டுப் பாருங்கள்' என்று மட்டும் எழுதினேன். அத்தானை அந்தக் குழுவிலிருந்து யாரும் நீக்கியிருக்கவில்லை. அது என் வேலை என்று எவரும் சொல்லவும் இல்லை. சித்தி கைதட்டினாள். பெரியப்பா, 'குரல் நம்ம பொண்ணு மாதிரியே இருக்கே' என்றார். அத்தான் ஒன்றும் எழுதவில்லை. பார்த்துவிட்டார் என்று மட்டும் போன் காட்டியது. நான் எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.

அந்த வாரம் அவர் என் வீட்டுக்கு வரவில்லை. அவள் கதவைத் தட்டியிருக்கிறார். மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. உடலை அடையாளம் காட்டியவனே நான், படித்துக் காட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் ஆம். பலகை எழுத்து முதலில் கலங்கலாகத்தான் இருந்தது. அதைத் தெளிவாக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. போனில் படிக்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அக்காவுக்கு அனுப்பியது வேறு வீடியோ: நடுவில் சதுரம், இரண்டு பக்கமும் கறுப்பு. 'அழகா இருக்குடா தம்பி' என்று பதில் போட்டிருந்தாள்.

ஆனால் சத்தியத்தை நான் மீறவில்லை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

நேற்றுச் செய்தியில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். மெட்டு யாருடையது என்று அங்கும் சொல்லவில்லை. இந்த வாக்குமூலத் தாளிலாவது சரியாக இருக்கட்டும். என் பெயருக்கு நேரே 'இறந்தவரின் தம்பி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு 'இசையமைத்தவர்' என்று போடுங்கள். கையெழுத்திடுகிறேன்.