ஒரு பாலாடை ஓமத் தண்ணீர்

பச்சைக் குழந்தைக்கு வயிறு வலித்தால், அதைப் பொறுக்க முடியாதவர்கள் பெரியவர்கள்தான். குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்தும், வாயு பிரிந்ததும் ஒன்றும் நடக்காதது போல விரலைச் சப்பும். பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் தலைதெறிக்கக் கடைக்கு ஓடி வருவார்கள். ராஜபாளையத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்து நரைத்தவன் நான். மருந்து குழந்தையின் வாய்க்குள் போகும். குணமாக வேண்டியது யார் என்பதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை.

தவசிமுத்துவைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. வருகிறேன். சரக்கைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றி மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

என் அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் மளிகைக் கடை. வாங்க வருகிறவர்கள் பெருங்காயத்தை முகர்ந்து மூக்கைச் சுளிப்பார்கள். அப்பா அவர்களைவிடப் பெரிதாகச் சுளிப்பார். "வேண்டாம் விடுங்க, இது உங்களுக்குத் தாங்காது" என்று டப்பாவை மூடுவார். மூடிய டப்பாவுக்குத்தான் ஆள் விழும். பேரத்தில் முதலில் தயங்குகிறவன் தோற்றான் என்பதை நான் எழுத்துக்கூட்டி வாசிக்கும் முன்பே கற்றுக்கொண்டேன்.

ராஜபாளையத்துக்கு வந்து ஓமத்தைக் காய்ச்சினேன். சதகுப்பை, பனங்கற்கண்டு சேர்த்துப் பாட்டிலில் அடைத்தேன். யோக்கியமான சரக்கு. ஆனால் மெதுவாகத்தான் கேட்கும். மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு மெதுவாகக் கேட்கிற மருந்து எதற்கு? அவள் தூங்க வேண்டும், அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். ஆகவே கொஞ்சம் அபின் சேர்த்தேன். அளவோடுதான். அளவு என்பது, காய்ச்சுகிற அன்றைக்குக் கை எப்படியோ அப்படி.

அதன் பிறகு கூமாப்பட்டியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். "ஊத்தி வாயத் தொடைக்கல அண்ணாச்சி, அதுக்குள்ள தூங்கிட்டான்" என்பார்கள். எழுந்திருக்காமல் போன குழந்தைகளும் உண்டு. மாந்தம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். மருந்து என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தோன்றாததை நான் ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

இந்த எண்பத்தெட்டாம் வருஷம்தான் என் மகள் அழகுத்தாய் பிரசவத்துக்கு வந்தாள். வெகுநாள் ஏங்கிப் பெற்ற ஆண் பிள்ளை. கடைக்குப் பின்னால்தான் வீடு. வீட்டுக்குக் கடை வழியாகத்தான் போக வேண்டும், வேறு வாசல் கிடையாது. பேரன் வயிறு உப்பி அழுதபோது வசம்பை விளக்கெண்ணெயில் நனைத்துச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து, அவன் நாக்கில் நானே தடவினேன். தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்றுப் போட்டேன். தோளில் போட்டுக்கொண்டு கால் கடுக்க நடந்தேன். கடைப் பாட்டில் ஒன்றுகூட வீட்டுப் பக்கம் போனதில்லை. கடையில் மட்டும், "என் பேரனுக்கே இதத்தான் குடுக்கேன்" என்று சொல்வேன். அதைப் பொய் என்று எழுதாதீர்கள். வியாபாரத்தில் அது ஒரு வாக்கியம்.

தவசிமுத்து தளவாய்புரத்தில் தறி ஓட்டுகிறவன். அவனுடைய பெண் குழந்தையைப் புதைத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. முற்பகல், கடை நிறையக் கூட்டம். பாதி காலியான பாட்டிலைப் பலகை மேல் வைத்தான். சண்டைக்கு வந்தவன் மாதிரி இல்லை.

"அண்ணாச்சி, உங்க பேரனுக்கும் இதத்தான் குடுக்கியளா?"

"பின்ன? ராசாவாட்டம் தூங்குதான்."

"அப்ப என் கண்ணு முன்னால இதுலருந்து ஒரு பாலாடை குடுங்க. நான் பாக்கணும்."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. ரத்தினம் என்று ஒருத்தி, மில்லுக்குப் போகிறவள், வாய்த் துடுக்கு அதிகம். "ஏன் அண்ணாச்சி முழிக்கிய? உங்க வீட்டுப் பிள்ளைக்குன்னா கசக்குமோ?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டம் அடுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், எதிர்க்கடைக்குப் போகும்.

நான் தயங்கவில்லை. அழகுத்தாயைக் கூப்பிட்டேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இவன் அழவே இல்லையேப்பா. இப்ப எதுக்கு மருந்து?"

"வயித்துக்கு நல்லதும்மா. குடு இப்பிடி."

என் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியவள் இல்லை. மடியில் கிடத்தி, தவசிமுத்து வைத்த பாட்டிலிலிருந்தே ஒரு பாலாடை ஊற்றி, அதன் மூக்கை வாயில் வைத்துப் புகட்டினேன். கற்கண்டு இனிப்புக்கு நாக்கை நீட்டி இன்னும் கேட்டான். கூட்டம் சொக்கிப் போயிற்று. அடுக்கில் இருந்த பாட்டில் அத்தனையும் அப்போதே போயின. ரத்தினமும் ஒன்று வாங்கினாள்.

தவசிமுத்து மட்டும் போகவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைப் பலகைகளை நான் அடைத்தபோதும் எழுந்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து அழகுத்தாய் குரல் கொடுத்தாள். "அப்பா, இவன் பாலுக்கு எந்திரிக்க மாட்டேங்கான். உலுக்கினாலும் கண்ணத் தொறக்கல."

"செத்த நேரம் தூங்கட்டும்மா."

தவசிமுத்து எழுந்து நின்றான். "அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. நீங்க பயந்து கையப் பின்னால இழுப்பீயன்னு நெனச்சுத்தான் கேட்டேன். நெசமாவே ஊத்துவீயன்னு நெனைக்கல. நான் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் பிள்ளையும் இப்பிடித்தான் தூங்குச்சு."

பாருங்கள், ஐயா. கேட்டது அவன், பின்வாங்குகிறதும் அவன். ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் கேட்பார், நர்ஸ் கேட்பாள், சாயங்காலத்துக்குள் ஊரே கேட்கும். கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவன் என்னைத் தள்ளிவிட்டு, "தாயீ, பிள்ளையத் தாங்க, நான் ஓடுதேன்" என்று உள்வாசலைப் பார்த்துப் போனான்.

சுக்கு இடிக்கிற இரும்பு உலக்கை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதைப் போலத் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது அடியில் உட்கார்ந்தான். அவன் கை அப்போதும் உள்வாசல் பக்கம்தான் நீண்டிருந்தது, அதையும் அடித்தேன். சுக்கு முதலில் நார் பிளக்கிற சத்தம் போடும். நசுங்கிய பிறகு சத்தம் மாறும். சத்தம் மாறுகிறவரை இடித்தேன். கோபம் எல்லாம் இல்லை. கோபத்தில் இடித்தால் தோள்தான் வலிக்கும்.

நிமிர்ந்தால், உள்வாசலில் அழகுத்தாய், தோளில் பிள்ளை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. வரப்போகிறது என்று தெரிந்தது. அவளை உள்ளே தள்ளிக் கதவைத் தாழிட்டேன்.

ரத்தம் மூட்டைக்கடியில் ஓடினால் சரக்கு கெட்டுவிடும். சாக்கைப் போட்டு ஒற்றி எடுத்தேன். தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். அழகுத்தாய் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "அப்பா, உதடு நீலமாகுதுப்பா. தொறங்கப்பா. நான் ஒண்ணையும் பாக்கலப்பா, சத்தியமாப் பாக்கல." பொறு என்றேன். தவசிமுத்துவை இழுத்து மறைக்காமல் கதவை எப்படித் திறப்பது? இதற்கிடையில் வெளியே ஒரு பெண் வந்து பலகையைத் தட்டினாள். அவள் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டு, ஒரு பலகையை நகர்த்தி, கல்லாப்பெட்டிக்கு அடியில் எடுத்து வைத்திருந்த பாட்டிலைக் கொடுத்தனுப்பினேன்.

ஆகவே, தவசிமுத்துவை அடித்துக் கொன்றது நான்தான். அதில் வழக்காட ஒன்றும் இல்லை. ஆனால் என் பேரனைக் கொன்றது தவசிமுத்து. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் வந்து கேட்காமல் இருந்திருந்தால் நான் கொடுத்திருப்பேனா?

மகள் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். நான் வேண்டுமென்றே திறக்கவில்லை என்பாள். அப்படி இல்லை, ஐயா. தரை முக்கால்வாசி சுத்தமானபோது அவள் கதவைத் தட்டுவது நின்றுவிட்டது. பிள்ளை கண் விழித்துப் பால் குடிக்கிறான் என்று நினைத்து, மீதித் தரையை அவசரமில்லாமல் துடைத்தேன்.