ஐந்தாம் பகுதி வரை

நல்லதொரு தொடரைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் திண்டாடுவதைப்போல் எரிச்சலான விஷயம் வேறு இல்லை, ஐயா. நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

நானும் நெட்டையனும் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். எந்த வாசலிலும் அவன் குனிந்துதான் நுழைய வேண்டும், அதனால் அந்தப் பெயர். எங்கள் வேலையைத் தனியாளாகச் செய்யக்கூடாது. ஒருவன் மேலே இயந்திர அறையில் இருப்பான், இன்னொருவன் கீழே, லிஃப்ட் இறங்குகிற குழிக்குள் இருப்பான். மேலே இருப்பவன் கீழே இருப்பவனை ஒரு கணம் மறந்தால் கதை முடிந்தது. அவன் என்னை மறந்ததே இல்லை, நானும் அவனை மறந்ததில்லை. அப்படிப்பட்ட நண்பனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தத் தொடரைப் பார் என்றேன்.

ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், ஆறாவது ஆள் கதையை நடத்துவார். சண்டை போட, தப்பி ஓட, பொய் சொல்ல, எதற்கும் பகடையை உருட்டியாக வேண்டும். விழுகிற எண்தான் தீர்ப்பு. அடுத்து என்ன நடக்கும் என்று கதை நடத்துகிறவருக்கே தெரியாது. வேடம் கிடையாது, வாள் கிடையாது, வெறும் பேச்சுதான். ஆனால் பார்த்து முடிக்கும்போது அடுத்த பகுதியை உடனே போடச் சொல்வீர்கள். முதல் நான்கு பகுதிகள் கொஞ்சம் இழுவை, ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாம் பகுதியில் ஒரு பாலம் வரும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். கதையை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பது மகா அயோக்கியத்தனம்.

இதையெல்லாம் நெட்டையனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. குழிக்குள் இருந்து கத்திச் சொல்லியிருக்கிறேன். அவன் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுவான். "பாக்கிறேன்டா. நேரந்தான் கெடைக்கல." திங்கட்கிழமை போய்க் கேட்டால் அதே பதில். நான் ஒரு நாளும் கோபப்படவில்லை. நேரமில்லை என்கிறவனிடம் கோபப்பட்டு என்ன பயன்? அவன் நேரத்தை எது தின்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பழுது பார்க்கிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

விடுமுறை நாட்களில் அவன் வெளியே சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்தான். கம்பெனியில் அது கூடாது. மேலாளர் காதில் ஒரு வார்த்தை போட்டேன், நின்றுவிட்டது. மிச்சமான நேரத்தையெல்லாம் அவன் மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு கழித்தான். கல்யாணப் பேச்சுவரை போயிருந்தது. அவனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் என் பொய் வெளுத்திருக்கும். கேட்கவே இல்லை, விலகிப் போய்விட்டாள். அவ்வளவுதான் நம்பிக்கை என்றால் அவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? ஒரு விதத்தில் அவனுக்கு நல்லதுதான் செய்தேன்.

அவன் குழிக்குள் உட்கார்ந்து அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, மனசு மாற அந்தத் தொடரைப் பாரேன் என்றேன்.

"எங்கடா நேரம்? அப்பாவ யாரு பாத்துக்குவா?"

அவன் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்காவது மாடியில் அப்பாவும் மகனுமாக இருந்தார்கள். அவருக்கு ஒரு பக்கம் கை கால் சரியாக வராது. நெட்டையன் கடைக்குப் போகும்போதெல்லாம் நான்தான் அவருக்குத் துணை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஒரு நாள் என் போனில் அந்தத் தொடரைப் போட்டுக் காட்டினேன்.

பெரியவர் அப்படியே ஒட்டிக்கொண்டார், ஐயா. "அந்தக் குள்ளன் சரியான கேடி, தம்பி. ஆனா மனசு தங்கம்" என்று கதையில் வருகிற ஒரு பாத்திரத்தைச் சொல்வார். பகடை நல்லபடியாக விழுந்தால் நல்ல கையால் தொடையில் தட்டுவார். நான் உள்ளே நுழைந்ததும் கண்ணாடியைத் தேடுவார். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவனுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? எனக்கு வேண்டியது நெட்டையன். ஐந்தாம் பகுதியில் கதையின் ராணி அந்தப் பாலத்தில் கால் வைக்கிற இடத்தில் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு அதைப் போட்டுக் காட்ட வாய்ப்பு அமையவில்லை.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் எங்கள் பராமரிப்பில் இருந்தது. மறுநாள் மதியம் அதன் இயந்திர அறையில் உட்கார்ந்து பகடையை உருட்டினேன். அவர்கள் வைத்திருப்பதைப்போலவே இருபது முகப் பகடை. பத்துக்கு மேல் விழுந்தால் செய்வது, இல்லையென்றால் விட்டுவிடுவது. நான்கு விழுந்தது. அத்தோடு விட்டிருப்பேன், நான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. நண்பனுக்காகச் செய்கிற காரியமென்றால் இன்னொரு முறை உருட்டலாம். இரண்டாவது முறை பதினேழு விழுந்தது. ஆகவே முடிவு என்னுடையதல்ல என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அது கையால் இழுத்துத் திறக்கிற பழைய வெளிக்கதவு. லிஃப்ட் வந்து நின்றால்தான் அதன் பூட்டு விடும். அன்று சாயங்காலம் நான்காவது மாடியில் லிஃப்ட் இல்லாமலே பூட்டு விட்டது. பெரியவர் கால் அப்படி என்பதால், கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டித்தான் உள்ளே போவார். நான் வராந்தாவில் அவருக்கு எதிரே நின்றிருந்தேன்.

"அந்த ராணி பாலத்தத் தாண்டிட்டாளா? அத மட்டும் சொல்லேன் தம்பி. நேத்துலேருந்து அதே நெனப்பா இருக்கு."

"சொல்ல மாட்டேம்ப்பா. நீங்களே பாத்துத் தெரிஞ்சுக்குங்க."

"நீ பெரிய அழுத்தக்காரன்" என்று சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தார். கடைசிவரை நான் கதையைக் கெடுக்கவில்லை.

சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போகும்வரை பொறுத்திருந்தேன், அந்த மரியாதை எனக்குத் தெரியும். பிறகு நெட்டையன் வீட்டுக்குப் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பகுதியைப் போட்டேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் ஆட்கள் தேய்மானம் என்று எழுதிவிட்டுப் போன பூட்டை அவன் போய்ப் பிரித்துப் பார்த்து, உள்ளே முறுக்கிவிட்டிருந்த கம்பியைக் கண்டிருக்கிறான். என்னைப்போன்ற இடதுகைக்காரன் கம்பியை எந்தப் பக்கம் முறுக்குவான் என்று கூட வேலை செய்தவனுக்குத் தெரியாதா? ஏன்டா என்று கேட்டான். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு நேரம் கிடைக்கத்தான் என்றேன்.

கையை நீட்டித் திரையை அணைத்துவிட்டுச் சொன்னான். "அத நீ சொன்ன முதல் வாரமே பாத்துட்டேன்டா. எனக்குப் பிடிக்கல. உன் முகம் வாடிப்போகுமேன்னுதான் நேரமில்லன்னு சொல்லிட்டிருந்தேன்."

அதன் பிறகு உங்களுக்குப் போன் செய்தான்.

எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது, ஐயா. பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? சொல்லியிருந்தால் அந்தப் பெண் அவனோடு இருந்திருப்பாள். பெரியவர் இந்நேரம் கீழே வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருப்பார். தாட்சண்யம் பார்க்கிறேன் என்று இத்தனை பேர் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான்.

பூட்டைக் கெடுத்தது நான்தான். பெரியவர் விழுவார் என்று தெரிந்துதான் கெடுத்தேன். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஆனால் அவனிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். எத்தனையாவது பகுதியோடு நிறுத்தினான்? மூன்றாவதோடு நிறுத்தியிருப்பான், எனக்குத் தெரியும். அந்தப் பாலம் வரைக்கும் வந்தவர் யாரும் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார். சந்தேகமாக இருந்தால், அவன் அப்பாவிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.