பெயர் கேளாத வாசலின் சாவிக்கார அக்காவுக்கு

நம் உணவு வங்கியின் பொறுப்பாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் அரும்பணி ஆற்றி, இன்று பணி நிறைவு பெறும் அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உவந்தளிக்கும் பாராட்டு மடல்

பசிக்குப் பகையே! பகிர்வுக்குத் துணையே! இடுப்பிலே சாவிக்கொத்தும் இதழோரம் கண்டிப்பும் இணைபிரியாது விளங்க, வந்தவர் வயிற்றை வாடவிடாமலும், உடன் உழைத்தோரை ஒரு நாளும் உட்காரவிடாமலும் காத்து நின்ற எங்கள் சாவிக்கார அக்கா அவர்களே! வணக்கம், வணக்கம், வாயார மனமார வணக்கம்!

இம்மடலை இயற்றும் பொறுப்பை, செந்தமிழ் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த இருவர் ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்து, கடைசியில் அது வண்டி ஓட்டுகிற என் தலையில் விடிந்தது. ஆகையால் நேரான சாலையில் நடை நிதானமாக இருக்கும், வளைவுகளில் கொஞ்சம் வேகம் பிடிக்கும். சபையோர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டுகிறேன். பிழையெல்லாம் என்னுடையது, பெருமையெல்லாம் உங்களுடையது.

மாண்பு நிறைந்தவரே! மூடிப்போன மரச்சாமான் கடை ஒன்று நமக்கு இரவலாகக் கிடைத்தது. உள்ளே வார்னிஷ் வாடை, தரையிலே கட்டில்கள் நின்ற தடம், தெருவைப் பார்த்தபடி சுவரளவு கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் கண்டு நாங்கள் பூரித்துப் போனோம். நம் சேவையை ஊரே பார்க்குமே! பல்பொருள் அங்காடியில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நீங்கள் வந்து சேர்ந்த முதல் நாளே, ஒரு வாளி வெள்ளைச் சாயம் வாங்கிவரச் சொன்னீர்கள். கண்ணாடியின் கீழ்ப்பாதியில், ஆள் உயரத்துக்கு, உங்கள் கையாலேயே பூசினீர்கள். "வெளிச்சம் மேல வந்தாப் போதும். உள்ள யாரு கூடையோட நிக்கிறாங்கன்னு பஸ்ல போறவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றீர்கள். சேவையை ஊருக்குக் காட்ட முடியாமல் போனதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அத்தோடு விட்டீர்களா? கட்டிவைத்த பையைக் கையிலே திணித்து அனுப்பும் வழக்கத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தீர்கள். அலமாரி வந்தது, கூடை வந்தது, வேண்டியதை எடுக்கவும் வேண்டாததை விடவும் உரிமை வந்தது. "பருப்பு பிடிக்காதவங்களுக்குப் பருப்பு எதுக்கு? பசிச்சவங்களுக்கு நாக்கு இல்லையா?" என்று கேட்டீர்கள். பெயர் கேட்கக் கூடாது, முகவரி கேட்கக் கூடாது, சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், ஏன் வந்தீர்கள், எதுவும் கேட்கக் கூடாது. வாசலில் நாம் கேட்க அனுமதி பெற்ற கேள்வி ஒன்றே ஒன்று: "பை கொண்டாந்தீங்களா, நான் தரட்டுமா?" போடாதவரும் வந்து எடுத்துப் போகலாம் என்றிருக்கும் ஒரே வங்கி உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

கண்டிப்பின் கருவூலமே! தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நீங்களோ பல்லைப் பார்த்து, வாலைத் தூக்கி, அது என்றைக்குக் காலாவதி ஆகிறது என்பதையும் பார்த்தீர்கள். பெரிய வீடு ஒன்றிலிருந்து தூசி படிந்த டின்கள் மூட்டையாக வந்தபோது, அவற்றை அப்படியே என் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினீர்களே! "அவங்க சாப்பிடாததை இங்க வர்றவங்க மட்டும் ஏன் சாப்பிடணும்னு நான் கேட்டதாச் சொல்லு" என்று செய்தியும் கொடுத்தனுப்பினீர்கள். அந்த வீட்டு அம்மாளின் முகத்தைப் பார்த்துச் செய்தியைச் சொல்லும் தைரியம் எனக்கில்லை, மூட்டையை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். மறுவாரமே அதே வீட்டிலிருந்து புதுச் சரக்கு வந்தது, இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

குறை சொல்லாத பாராட்டு உப்பில்லாத பண்டம். எனவே சபையறியச் சொல்கிறோம்: நீங்கள் போடும் தேநீரை இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொட்டிச் செடிக்குத்தான் ஊற்றினோம். டின்களின் பெயர்ச்சீட்டு முன்னால் பார்த்து நிற்காவிட்டால், "அதுங்க முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குதே, அப்படி என்ன பண்ணீங்க அதுங்களை?" என்று கேட்பீர்களே, அதை இனி யார் கேட்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறோம். வருவது துக்கமா நிம்மதியா என்று எங்களுக்கே தெரியவில்லை.

துணிவின் துலக்கமே! சென்ற ஆண்டு ஒரு சோதனை வந்தது. நம் குளிர் அறை கிழடு தட்டி, நாளெல்லாம் முனகிக்கொண்டிருந்த காலம். சிமென்ட் வியாபாரி ஒருவர், புத்தம் புதிய குளிர் அறை கட்டித் தர முன்வந்தார். ஒரே ஒரு நிபந்தனை: வருகிறவர்கள் பெயரும் முகவரியும் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். "பாத்திரம் அறிந்து பிச்சையிடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று அவர் கேட்டார். "இங்க யாரும் பிச்சை போடலைங்க. பாத்திரம் காலியா இருக்கான்னு பாத்தா எனக்குப் போதும்" என்று நீங்கள் சொன்னீர்கள். வியாபாரி சிரித்தார், நீங்கள் சிரிக்கவில்லை.

பணம் போடும் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் குழுத் தலைவர், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரைப் பற்றி இம்மடலில் வருவதையெல்லாம் அவர் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். அவருக்கு அந்த நிபந்தனை தவறாகப் படவில்லை. "பேரு சொல்றதுல என்ன குறைஞ்சு போயிடும்? அக்காவை எதுக்குச் சங்கடப்படுத்தணும், அவங்க ஓய்வு பெற்றதும் பேசிக்கலாம்" என்று அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தீர்கள். அலமாரி அடுக்கும்போதும், கதவு பூட்டும்போதும், என் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போதும் ஒரே கேள்விதான். "நான் போனப்புறம் பேரு கேக்க ஆரம்பிச்சிடுவீங்களா?" நாங்கள் பேச்சை மாற்றினோம். கேட்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய எங்களில் யாருக்கும் அதிகாரம் இல்லை, பொய் சொன்னால் உங்களிடம் தப்பவும் முடியாது.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. இந்த ஆண்டுக் கோடையின் உச்சி. பாலும் வெண்ணெயும் கோழியும் வண்டி நிறைய வந்து, உள்ளே அடுக்கி முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்தோம். முனகிக்கொண்டிருந்த குளிர் அறை அதோடு மூச்சை நிறுத்திக்கொண்டது. மெக்கானிக் வந்து பார்த்து, "மோட்டார் எரிஞ்சு போச்சுக்கா. பார்ட்ஸ் செவ்வாய்க்கிழமைதான் வரும்" என்றார். ஐஸ்கிரீம் கடைக்காரர் தன் பெட்டி ஒன்றைக் காலி செய்து கொடுத்தார், அதில் கால்வாசிதான் அடங்கியது. மீதியைக் குப்பையில் கொட்டுவதா என்று நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் வாசலுக்குப் போனீர்கள். கூடையோடு காத்திருந்தவர்களைப் பார்த்து, "உங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இடம் இருக்கா? செவ்வாய்க்கிழமை வரைக்கும் எங்களுக்குக் கொஞ்சம் கடன் குடுப்பீங்களா?" என்று கேட்டீர்கள்.

கேட்ட மாத்திரத்தில் வரிசை கலைந்தது! வாங்க வந்தவர்கள் சுமக்கத் தொடங்கினார்கள். அடுக்குமாடிக்காரர்கள் லிஃப்டில் பால் பெட்டிகளை ஏற்றினார்கள். முடிதிருத்தும் நிலையத்தின் குட்டி ஃபிரிட்ஜுக்குள் வெண்ணெய் போயிற்று. பூக்கடைக் குளிர்ப்பெட்டியில் ரோஜாக்களுக்கு நடுவே கோழிகள் படுத்துக்கொண்டன. எங்கள் செயலாளர் காகிதமும் பேனாவுமாக ஓடி, யார் எதைக் கொண்டு போகிறார்கள் என்று எழுதப் பார்த்தார். நீங்கள் அவர் பேனாவை வாங்கி மூடினீர்கள். "அவங்க கிட்ட இத்தனை வருஷம் கேக்காததை, இன்னைக்கு நமக்குக் காரியம் ஆகும்போது கேக்கறதா?" என்றீர்கள். தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "போனது போனதுதான்" என்று முணுமுணுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மெக்கானிக் சுத்தியலும் ஸ்பேனருமாக உள்ளே மல்லுக்கட்ட, நாங்கள் வாசலில் நின்றோம். யாரையும் காணோம். தலைவர் இருமினார். நீங்கள் அலமாரியில் டின்களைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தீர்கள், எல்லாம் ஏற்கெனவே முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு ஒரு தாத்தா ஊன்றுகோலும் வெண்ணெய்ப் பெட்டியுமாக வந்தார். அவர் பின்னால் ஓர் அம்மா, அவர் பின்னால் ஒரு குடும்பம், அதன்பின் தெருவே வந்தது! போனதெல்லாம் வந்தது, போகாததும் சேர்ந்து வந்தது. சும்மா கையை வீசிக்கொண்டா வருவது என்று முட்டையும் ரொட்டியும் பழமும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். தலைவர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒரே ஒரு தவறு நடந்தது, அது வயிற்றுக்கு இதமான தவறு. பள்ளிக்கூடக் காவலாளியின் மனைவி பெரிய அண்டாவோடு வந்து, கண் கலங்க நின்றார். "எங்க பக்கம் கரன்ட் போயிடுச்சுக்கா. கெட்டுப் போயிடுமேன்னு மொத்தக் கோழியையும் சமைச்சுட்டேன்" என்றார். அவர் ஒருவர் மட்டுமா? பால் தயிராகி வந்தது, வெண்ணெய் பிஸ்கட்டாகி வந்தது. வீட்டில் சமைத்ததை அலமாரியில் வைக்கச் சட்டம் இடம் தராது. நீங்கள் இடுப்பில் கை வைத்து ஒரு கணம் யோசித்தீர்கள். "அப்போ அலமாரியில வைக்க வேண்டாம். மேஜையைத் தூக்கித் தெருவுல போடுங்க" என்றீர்கள்.

அந்த விருந்தை மறக்க முடியுமா! கொடுப்பவர் யார், எடுப்பவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாமல் தெருவே உட்கார்ந்து சாப்பிட்டது. புதுக் குளிர் அறைக்கு இடம் அளக்க வந்த சிமென்ட் வியாபாரியின் கையிலும் யாரோ ஒரு தட்டைத் திணித்து, "கூச்சப்படாதீங்க, எல்லாருக்கும் ஒரு நேரம் இப்படித்தான். நல்லாச் சாப்பிடுங்க" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டு, மனம் மாறி, கண்ணீர் மல்கினார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுவாரம் அதே நிபந்தனையை மறுபடியும் சொல்லி அனுப்பினார்.

வெற்றித் திருமகளே! இனி நாங்கள் ஒரு மாதமாக உங்களிடம் மறைத்துவைத்த செய்தி. சிமென்ட் வியாபாரியின் குளிர் அறை வேண்டாம் என்று நம் குழு முடிவு செய்துவிட்டது. வேண்டாம் என்று சொன்ன சேதி தெருவுக்குப் போயிற்று. தெரு சும்மா இருக்குமா? ஊர் கூடித் தேர் இழுத்தது. தொழிலை நிறுத்திய மீன் நிறுவனத்தின் குளிர் அறை ஒன்றைப் பூக்கடைக்காரர் தேடிப் பிடித்தார். அடுக்குமாடிக்காரர்கள் விலை பேசினார்கள், நம் வாடிக்கையாளர்களே தோள் கொடுத்து இறக்கினார்கள், மெக்கானிக் கூலி வாங்க மறுத்துப் பொருத்தினார். இன்று காலை உங்களை விழாவுக்குப் புடவை எடுக்க என்று கடை கடையாக நான் அலைக்கழித்தது இதற்காகத்தான். பின் ஷட்டருக்கு அந்தப் பக்கம், முனகாமல், மீன் வாடை கொஞ்சமும் இல்லாமல், அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. விழா முடிந்ததும் நீங்கள்தான் திறந்துவைக்க வேண்டும்.

அருமை அக்கா! ஆயுள் நீண்டு, ஆரோக்கியம் ஓங்கி, மூட்டு வலி முழுதும் நீங்கி, பேரப்பிள்ளைகளின் பொம்மைகளை எல்லாம் முன்னால் பார்க்க அடுக்கிவைத்து, அவர்களையும் உட்காரவிடாமல் நீங்கள் நெடுங்காலம் நலமே வாழ வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் நெஞ்சார வாழ்த்துகிறோம். எங்களுக்கு நீங்கள் மேலதிகாரியாக இருந்தது கொஞ்சம், மூத்த உடன்பிறப்பாக இருந்ததுதான் அதிகம். உங்களை விட்டுக் கொடுக்க எங்களுக்கு மனமே இல்லை.

நீங்கள் போனபின் பெயர் கேட்போமா என்ற உங்கள் கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. போன மாதக் கூட்டத்தில் நிபந்தனையை மறுக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, நம் தலைவர்தான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அன்னைக்குப் பாலைத் திருப்பிக் கொண்டாந்தவங்கள்ல ஒருத்தர் எங்க வீட்டு ஆளு. ரெண்டு வருஷமா இங்க வர்றாங்களாம். எங்கிட்ட வாய் திறந்து கேக்காதவங்க, இங்க தைரியமா வந்திருக்காங்க. பேரு கேட்டிருந்தா எங்கேயும் போயிருக்க மாட்டாங்க, பட்டினியாத்தான் இருந்திருப்பாங்க" என்றார். மனைவியா, மகனா, தம்பியா, மருமகளா? அந்த அறையில் குழுவினர் எல்லோரும் இருந்தோம், எல்லோருக்கும் வாய் இருந்தது. பொருளாளர் தண்ணீர்க் குவளையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். யார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, அக்கா.

இங்ஙனம்,
என்றும் உங்கள் ஏச்சுக்கும் பேச்சுக்கும் ஏங்கும்
அலமாரி அடுக்குவோர், கூடை கழுவுவோர், குழுவினர்,
மற்றும் வண்டி ஓட்டுபவன்