ஒற்றைச் சப்பாத்து

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வந்த நீராவிப் படகில் எனக்கு முன்னால் இருவர். இளையவர் பஸ்ராப் பாலைவனச் சண்டையில் பட்டாளத்து இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்து திரும்பியவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“ஒத்தச் சப்பாத்து எந்தக் கடையிலண்ணே கிடைக்கும்?”

“ஒத்தையா யாரு லா விப்பா? யாருக்குடா தம்பி?”

“மாரிமுத்துக்கு, என்கூடப் பட்டாளத்துல இருந்தவன். அங்க தண்ணி பம்ப் நின்னுபோச்சு, உள்ள போடுற வாசருக்குத் தோல் இல்ல. இவன் காய்ச்சல்ல கிடந்தான். பொழைக்கமாட்டான்னு நெனச்சு, இவனோட இடது சப்பாத்துத் தோல அறுத்து வாசராப் போட்டேன். பம்ப் ஓடிச்சு. துரை கைகொடுத்தாரு.”

“அப்புறம்?”

“பொழச்சுட்டாண்ணே. வெறுங்காலோட நடந்து, முள்ளு குத்திச் சீழ் வச்சு, அந்தக் காலையே எடுத்துட்டாங்க.”

“நீதான் அறுத்தேன்னு தெரியுமா?”



“தண்ணி கொடுத்து உசுரக் காப்பாத்துனவன்னு எல்லார்கிட்டயும் என்னைக் காட்டுறான். சப்பாத்தத் திருடினவன மட்டும் இன்னும் திட்டுறான். நானும் கூடச் சேர்ந்து திட்டுறேன்.”